நோர்வூட் பஜாரில் கடைக் கட்டடம் வாங்கலாமா?

தம்பி, கனடா வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, பிரம்டனில் வேர்ஹவுஸ் வேலை செய்து ஓரளவு சேர்த்திருக்கிறேன், இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குக் கிட்ட இருக்கிற நோர்வூட் பஜாரில் கீழே இரண்டு கடையும் மேலே இரண்டு வீடும் உள்ள கட்டடம் விலைக்கு வருகிறது, மாமா முடித்துத் தருகிறேன் என்கிறார், வாங்கி வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டிக்கோயாப் பக்கத்து ஆள். இங்கே வந்து பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். ஊரில் சொத்து வாங்கி நன்றாக இருப்பவர்களையும் தெரியும், வாங்கிவிட்டுக் கோர்ட்டுக்கு அலைபவர்களையும் தெரியும். அந்தக் கட்டடம் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஹட்டன் டவுனுக்குள்ளோ டிக்கோயா ஆஸ்பத்திரிப் பக்கமோ சின்னதாக ஒரு வீடு கிடைத்தால் யோசிக்கலாம்.

நோர்வூட்டில் கடை வாடகை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கடைக்காரர் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குக் கொப்பியில் பற்று எழுதி அரிசி, மா, பருப்பு கொடுக்கிறார். பத்தாம் திகதி சம்பளம் போட்டதும் அவர்கள் வந்து கட்டுகிறார்கள். அதில்தான் அவர் உங்களுக்கு வாடகை தர வேண்டும். தை, மாசியில் வெயில் ஏறிக் கொழுந்து குறைந்தால், பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, கேட்கிற 18 கிலோ கூடைக்கு வராது. அரைப் பேர் விழும். கொப்பியில் பாக்கி ஏறும். கடைக்காரர் ‘அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்’ என்பார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அவர் கையில் காசு இல்லை. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. நல்லதுதான், இன்னும் கூடத்தான் வேண்டும். ஆனால் பேர் குறைந்த மாதத்தில் அந்தக் கூலி எத்தனை நாளுக்குக் கிடைக்கும்?

இது ஒரு கடையின் பிரச்சினை இல்லை, தேயிலையே இளைத்துப் போயிருக்கிறது. 2019இல் நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 30 கோடி கிலோ தேயிலை உற்பத்தியானது. 2021இல் அரசு ஒரே இரவில் ரசாயன உரத்தை நிறுத்தியது. அதே வருஷம் முடிவை மாற்றினாலும், பட்டினி கிடந்த செடி உடனே எழும்புமா? 2022இல் உற்பத்தி 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. தோட்டத்துப் பொடியன்மார் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள், நீங்களும் நானும் அப்படி வந்தவர்கள்தானே. மலைக்குப் போக ஆள் குறையக் குறைய பஜாருக்கு இறங்கி வருகிற ஆளும் குறையும். இதையெல்லாம் சந்தோஷமாகச் சொல்லவில்லை, அது என் அம்மா கொழுந்தெடுத்த மலை.

அப்புறம் காசின் மதிப்பு. நீங்கள் டொலரில் போட்டு ரூபாயில் வாடகை எடுக்கப் போகிறீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. வாடகையை அந்த வேகத்தில் யாராலும் கூட்ட முடியவில்லை, கூட்டிக் கேட்கவும் மனம் வராது. மாமா சொல்கிற மாத வாடகையை இன்றைய மாற்று வீதத்தில் டொலராக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

ஹட்டனுக்குள் ஏன் யோசிக்கலாம் என்கிறேன்? அங்கே வீடு தேடுகிறவர்களின் சம்பளம் கொழுந்தை நம்பி இல்லை. மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், பேங்க் ஆட்கள், டிக்கோயா ஆஸ்பத்திரி நர்ஸ்மார், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிப்பிக்கிறவர்கள், பிள்ளையை ஹட்டன் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகத் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வரும் குடும்பங்கள். கடைசியாகச் சொன்ன குடும்பங்களில் பெரும்பாலும் யாராவது வெளியே உழைத்துக் காசு அனுப்புவார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு அறை, தண்ணீர், பஸ் ஏறுகிற தூரம், இது போதும். சிவனொளிபாத மலை யாத்திரை சீசனை நம்பி ரூம் கட்டச் சொல்லுவார்கள். சீசன் மார்கழிப் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி வைகாசி வெசாக்கோடு முடிந்துவிடும், மிச்ச மாதம் முழுக்க மழையும் பாசியும்தான். வெளிநாட்டில் இருந்துகொண்டு நடத்துகிற வேலை இல்லை அது.

எங்கே வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது உறுதி, அதாவது காணிப் பத்திரம். மலையகத்தில் பெரும் பகுதி தோட்டக் காணி. எழுபதுகளில் அரசு எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தது, நிலம் இன்னும் அரசின் குத்தகை நிலம்தான். லயத்துக் காம்பராவையோ (தோட்டத்து வரிசை வீட்டு அறை) பக்கத்து மரக்கறித் தோட்டத்தையோ ஒரு கடிதத்தில் எழுதித் தருகிறேன் என்றால் கிட்டப் போகாதீர்கள். தோட்ட வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 7 பேர்ச் நிலத்து வீடு என்றால், விற்கக்கூடிய உறுதி அவர்கள் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டவுன் காணிக்கும் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருஷத்துப் பதிவுகளை எடுத்துப் பார்க்கிற நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) வேண்டும், அவர் விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது. நில அளவைப் படத்தைத் தரையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ரோட்டு ஒதுக்கீட்டிலும் ரயில்வே ஒதுக்கீட்டிலும் நீட்டிக் கட்டிய கட்டடங்கள் நம் பக்கம் நிறைய. முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், அதையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது மண். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் செய்ததை நீங்களும் இங்கிருந்து போனில் பார்த்து அழுதிருப்பீர்கள். வீட்டு முகப்பின் பெயிண்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள், அது வேண்டாம். பின்பக்கத்து அணைச்சுவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் மண்ணடைத்து இருக்கிறதா, சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறதா, மேலே நிற்கும் டர்பன்டைன் மரம் வீட்டுப் பக்கம் சாய்கிறதா, பின்னறைக் கதவு நிலையில் உரசுகிறதா, தரையில் புது சிமெந்துப் பூச்சு நீளக் கோடாக ஓடுகிறதா. இதில் இரண்டு இருந்தாலே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். அந்த வீட்டில் படுக்கப் போவது யாரோ ஒருவரின் பிள்ளைகள்.

இனி இரண்டு நாட்டுச் சட்டமும் சுருக்கமாக. கனேடியப் பிரஜாவுரிமை எடுத்தால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். முன்கூட்டியே விண்ணப்பித்துத் தக்கவைக்க வேண்டும், அல்லது பிறகு இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்க வேண்டும். அது இல்லாமல் 2014ஆம் வருஷச் சட்டத்தின்படி உங்கள் பெயருக்குக் காணி எழுத முடியாது, விதிவிலக்குகள் சிலதான். ஊர் வாடகையை இங்கே வருமானமாகக் காட்டியே ஆக வேண்டும், வெளிநாட்டுச் சொத்துகளுக்குக் கொடுத்த விலை எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் கனேடிய டொலரைத் தாண்டினால் டீ1135 (T1135) என்ற வரிப் படிவமும் உண்டு. காசை உண்டியல்காரர் மூலம் அனுப்பாதீர்கள், பேங்க் வழியாக அனுப்பி ரசீதை வைத்திருங்கள்.

மாமாவைப் பற்றி. நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் விலை பேசுகிறவர், வாடகை வாங்குகிறவர், கூரைத் தகரம் மாற்றக் கணக்குக் காட்டுகிறவர் எல்லாம் ஒரே ஆள் என்றால் உறவுதான் முதலில் கெடும். அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தால் வாங்குவதற்கு மட்டும் எழுதிக் கொடுங்கள், விற்கவோ ஈடு வைக்கவோ அதிகாரம் அதில் இருக்கக் கூடாது. குடியிருப்பவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம், வாடகை நேரே பேங்குக்கு.

அம்மா அப்பாவைத் தோட்டத்திலிருந்து இறக்கி டவுனில் வைக்கத்தான் இந்த எண்ணம் என்றால், அதைத் தாராளமாகச் செய்யுங்கள், வாடகைக் கணக்கே பார்க்க வேண்டாம். அப்படியென்றால் கடைக் கட்டடம் எதற்கு? படி ஏறாத வீடாக, ஆஸ்பத்திரிக்குக் கிட்டப் பாருங்கள். இப்போதைக்கு மாமாவிடம் உறுதியின் பிரதி, நில அளவைப் படம், கடைசியாகக் கட்டிய சோலைவரி (கட்டட வரி) ரசீது மூன்றையும் கேளுங்கள். தயங்காமல் அனுப்பினால் எனக்கும் காட்டுங்கள், சேர்ந்து பார்ப்போம்.