படிக்கட்டில் வராத பயம்

கேள்வி: என் வயது 34. கணக்குப் பிரிவில் வேலை. 8 மாதம் முன்பு அலுவலக லிஃப்டில் போகும்போது திடீரென நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அதிலிருந்து வாரம் ஒரு தடவையாவது வருகிறது. 3 முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். ஈசிஜி நார்மல், 'தைரியமாக இருங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது லிஃப்டைத் தொடுவதில்லை, 6 மாடியும் படிதான். படியில் ஒன்றும் ஆவதில்லை என்பதுதான் விசித்திரம். அவசர சிகிச்சையில் எழுதித் தந்த அல்பிரசோலம் (பதற்றம் தணிக்கும் மாத்திரை) அட்டை கைப்பையில் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமா? ஆயுசுக்கும் மாத்திரைதானா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

மனநல மருத்துவர் பதில்: பைத்தியம் பிடிக்காது. இதை முதலில் சொல்லாவிட்டால் மீதி எதுவும் உங்கள் காதில் ஏறாது. நீங்கள் எழுதியிருப்பது 'பேனிக் அட்டாக்' என்கிற திடீர்ப் பீதி போலத்தான் இருக்கிறது.

கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது அந்தப் படிக்கட்டைத்தான். 6 மாடி ஏறி முடித்தால் நெஞ்சு திடுதிடுவென அடிக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். லிஃப்டில் வந்த அதே படபடப்பு. ஆனால் 'படி ஏறினேன், அடிக்கிறது' என்று காரணம் கையில் இருப்பதால் பயம் இல்லை. லிஃப்டில் காரணம் கிடைக்கவில்லை, உடனே மனசு 'ஹார்ட் அட்டாக்' என்று தானே ஒன்றை எழுதிக்கொள்கிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் இன்னும் சுரக்கிறது, இதயம் இன்னும் வேகமெடுக்கிறது, 'பார்த்தாயா, சொன்னேனே' என்கிறது மனசு. டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் விவரித்தது இந்தச் சுழலைத்தான். விரல் மரத்ததும் இதில் சேர்த்தி. பதறிப் பதறி மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது. காற்று போதாமல் அல்ல, மிதமிஞ்சிப் போய் வருகிற மரப்பு அது.

பேனிக் அட்டாக் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானே இறங்கும். மாத்திரை வேலையைத் தொடங்குமுன்பே பல தடவை இறங்கியிருக்கும், பெயர் மட்டும் மாத்திரைக்கு. அந்த அட்டை 'இது இருப்பதால்தான் பிழைத்தேன்' என்று உங்களை நம்பவைத்துக்கொண்டே இருக்கிறது.

'தைரியமாக இருங்கள்' என்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. இதற்கு முறையான சிகிச்சை இருக்கிறது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் அந்த உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைப்போம். என் அறையில் இருப்பவரைச் சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றச் சொல்வேன், நின்ற இடத்தில் ஓடச் சொல்வேன், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்வேன். நானும் கூடவே சுற்றுவேன், முதலில் தலை கிறுகிறுப்பது எனக்குத்தான். படபடப்பு வரும், எதுவும் ஆகாது, போய்விடும். இதை உடம்பு பல தடவை பார்த்த பிறகு லிஃப்ட்: முதலில் ஒரு மாடி மட்டும், கைப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு.

மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடுவதும் உண்டு, அதனால் குறைந்த அளவில் ஆரம்பிப்போம். இதைச் சொல்லாமல் கொடுத்தால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குணமான பிறகு ஏறக்குறைய ஓராண்டு தொடர்ந்து, மெல்லக் குறைத்து நிறுத்துவதே வழக்கம். பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் தேவைப்படாது.

தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் பார்த்துவிடுங்கள், இரண்டில் எது சரியில்லாவிட்டாலும் படபடப்பு வரும். காபி எத்தனை டம்ளர் என்றும் எண்ணுங்கள். படி ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மயங்கி விழுந்தாலோ, 'பேனிக்தான்' என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று: அல்பிரசோலத்தைத் தினமும் போடுகிறீர்களா, சும்மா வைத்திருக்கிறீர்களா? தினமும் என்றால் இதைப் படித்த வேகத்தில் சட்டென நிறுத்திவிடாதீர்கள். பழகிய உடம்பு முரண்டு பிடிக்கும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்கிற கணக்கில், வாரக்கணக்கில் குறைக்க வேண்டும்.