மேடா, பள்ளமா? மின்புலத்தில் ஓடும் எலக்ட்ரானின் வேகக் கணக்கு

கேள்வி: மின்னழுத்தம் 0 வோல்ட் உள்ள இடத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் நொடிக்கு 5 × 10⁶ மீட்டர் வேகத்தில் கிளம்பி, −50 வோல்ட் உள்ள இடத்துக்குப் போகிறது. அங்கே அதன் வேகம் என்ன? எனக்கு 6.5 × 10⁶ வருகிறது, விடைத்தாளில் 2.7 × 10⁶ என்று இருக்கிறது. விடைக்கு ஏற்றபடி குறியை மாற்றிவிட்டு −80 வோல்ட் போட்டுப் பார்த்தால் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வருகிறது. எங்கே தப்பு? புலம் சீராக இல்லாவிட்டாலும் இந்த முறை செல்லுமா?

பதில்: விடைத்தாள் சொல்வது சரி. உங்கள் 6.5 எப்படி வந்தது என்பதும் தெரிகிறது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் இருக்கும் மைனஸைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். −80-க்கு வந்த மைனஸோ தப்பே இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அடிப்படை ஒரே வரிதான்: இயக்க ஆற்றலையும், மின்னூட்டத்தை மின்னழுத்தத்தால் பெருக்கி வரும் மின்னழுத்த ஆற்றலையும் கூட்டினால், அந்தக் கூட்டுத்தொகை வழி முழுவதும் மாறாது. கவனிக்க வேண்டியது அந்தப் பெருக்கலைத்தான். மின்னழுத்தம் என்பது இடத்தின் குணம். ஆற்றலோ அந்த இடத்துக்கு வரும் துகளையும் பொறுத்தது. புரோட்டானுக்குப் பள்ளமாக இருக்கும் −50 வோல்ட், எலக்ட்ரானுக்கு மேடு. ஒரே நிலப்படத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி.

அதனால் பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் துகளுக்கு இது ஏற்றமா, இறக்கமா? எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் கொண்டது, போகும் இடமும் எதிர்மின்னழுத்தம். தள்ளிவிடத்தான் பார்க்கும். ஆக ஏற்றம், வேகம் குறைய வேண்டும். தொடங்கிய 5-ஐ விட உங்கள் விடை பெரிதாக வந்த உடனே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இந்த மாதிரிக் கணக்கை ஜூலில் போடாதீர்கள். பத்தின் அடுக்குகளைத் தூக்கிச் சுமப்பதிலேயே கவனம் போய்விடும். எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாறுங்கள். ஓர் அடிப்படை மின்னூட்டம், அதாவது ஓர் எலக்ட்ரான் அல்லது புரோட்டானிடம் இருக்கும் மின்னூட்டத்தின் அளவு, ஒரு வோல்ட் வேறுபாட்டைக் கடந்தால் ஆற்றல் மாற்றம் 1 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 1.602 × 10⁻¹⁹ ஜூல். எலக்ட்ரானின் நிறை 9.109 × 10⁻³¹ கிலோகிராம் என்று வைத்துப் பார்த்தால், நொடிக்கு 5 × 10⁶ மீட்டர் வேகத்தில் போகும் எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் 71.1 எலக்ட்ரான் வோல்ட். இதுதான் கையிருப்பு.

−50 வோல்ட்டுக்கு ஏற 50 செலவு, மீதி 21.1. வேகம் ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், 21.1-ஐ 71.1-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 0.545. அதை 5 × 10⁶-ஆல் பெருக்கினால் 2.7 × 10⁶. நீங்கள் 50-ஐக் கழிக்காமல் கூட்டி 121.1 ஆக்கிவிட்டீர்கள், அதுதான் 6.5.

சரி, இப்போது −80. கையில் இருப்பது 71.1, கேட்பது 80. மீதி −8.9. இயக்க ஆற்றல் ஒருபோதும் எதிர்மமாக இருக்காது. ஆகவே அந்த மைனஸ் சொல்வது, ‘எலக்ட்ரான் அந்த இடத்துக்கு வரவே வராது’ என்பதுதான். −71.1 வோல்ட் இருக்கும் இடத்தில் கையிருப்பு தீர்ந்து, அதற்கு மேல் ஏற முடியாமல் திரும்பிவிடும். நேர்க்கோட்டில் போகும் எலக்ட்ரான் அங்கே ஒரு கணம் நின்று, வந்த வழியே ஓடும். கிளம்பிய இடத்தைத் தொடும்போது வேகம் மறுபடியும் அதே 5 × 10⁶, திசை மட்டும் எதிர். வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்தால் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. குறியைச் சரிபார்த்துவிட்டீர்கள் என்றால், அதையே விடையாக எழுதலாம்.

சீரற்ற புலம் பற்றிக் கேட்டீர்கள். இந்த முறையின் அருமை தெரிவதே அங்கேதான். முடுக்கத்தை வைத்துப் போடும் இயக்கச் சமன்பாடுகள் முடுக்கம் மாறாதபோதுதான் செல்லும். ஓர் ஆல்பா துகள் (இரண்டு புரோட்டான் கொண்ட ஹீலியம் அணுக்கரு) தங்க அணுக்கருவை நேருக்கு நேர் நெருங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் விலக்கு விசை ஏறிக்கொண்டே போகும், முடுக்கமும் கூடவே மாறும். ஆற்றலுக்கோ தொடக்கமும் முடிவும் போதும். இரண்டு அடிப்படை மின்னூட்டங்கள் 1 நானோமீட்டர் தள்ளி இருந்தால் ஆற்றல் 1.44 எலக்ட்ரான் வோல்ட். இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளலாம், நிறைய இடத்தில் உதவும். இங்கே மின்னூட்டங்கள் 2, 79, பெருக்கினால் 158. ஆக 1 நானோமீட்டரில் 227.5 எலக்ட்ரான் வோல்ட். தூரம் குறையக் குறைய அதே விகிதத்தில் ஆற்றல் கூடும். துகள் 50 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டோடு வந்தால், 4.55 × 10⁻¹⁴ மீட்டர் தூரத்தில் நின்று திரும்பும். தங்க அணுக்கருவின் ஆரம் ஏறத்தாழ 7 × 10⁻¹⁵ மீட்டர், அதனால் இந்தத் துகள் கருவைத் தொடவே இல்லை. 1911-இல் ரதர்ஃபோர்டு அணுவின் மையம் எவ்வளவு சிறியது என்று காட்ட எழுதிய கட்டுரையிலும் இதே ஆற்றல் சமன்பாடு இருக்கிறது.

அடிக்கடி சறுக்கும் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, இணைத்தகடுகளுக்கு இடையே எலக்ட்ரான் நுழையும் கணக்கு. தகடுகளுக்கு இடையே 200 வோல்ட், இடைவெளி 2 சென்டிமீட்டர் என்றதும் 200-ஐ அப்படியே போட்டுவிடுவார்கள். நடுவில் நுழைந்த எலக்ட்ரான் நேர்மின் தகட்டுப் பக்கம் அரை சென்டிமீட்டர் விலகி வெளியே போனால், அது கடந்தது 50 வோல்ட் வேறுபாட்டைத்தான். இரண்டாவது, இரண்டு துகளுமே நகரும் கணக்கு. 1 நானோமீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு புரோட்டான்களை விட்டுவிட்டால், அந்த 1.44 எலக்ட்ரான் வோல்ட் இரண்டுக்கும் பொதுச்சொத்து. ஆளுக்கு 0.72, வேகம் நொடிக்குச் சுமார் 1.17 × 10⁴ மீட்டர். நிறைகள் வேறானால் பங்கு சமமாக இருக்காது, உந்த அழிவின்மையையும் துணைக்குக் கூப்பிட வேண்டும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. புலம் நேரத்தோடு மாறினால் இப்படிப் போட முடியாது. வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் போனால், இயக்க ஆற்றலுக்குச் சார்பியல் சூத்திரம் வேண்டும். 25,000 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானுக்கே சாதாரணச் சூத்திரம் வேகத்தைச் சுமார் 3.6 சதவீதம் கூட்டிக் காட்டும். உங்கள் 71 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அப்புறம், −71.1 வோல்ட் வரை போய்த் திரும்ப எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டால், அதற்கு இந்தச் சமன்பாடு மட்டும் போதாது. வழியில் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதையும் யாராவது உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.