நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் உளவியலாளர்கள் காசு கொடுத்தவர் பக்கம்தானே பேசுவார்கள்?

‘கூலிக்கு மாரடிக்கும் கூட்டம்’ என்று கேள்வி விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால்தான் பதில் எழுதுகிறேன். எதிர்த்தரப்பு நிபுணரின் அறிக்கையைப் படித்துவிட்டு வந்த கோபம் போலிருக்கிறது. அநேகமாகக் குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கு.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியாகிவிட்டது. ‘தொழில் ரகசியத்தை வெளியே சொல்லலாமா’ என்று யாரும் கமெண்டில் கிளம்ப வேண்டாம்.) கொலை முயற்சி வழக்கு. சம்பவம் எதுவுமே நினைவில்லை என்றார் குற்றம் சாட்டப்பட்டவர். என்னை அமர்த்தியது அவருடைய வக்கீல்தான். 50 படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, பிறகு இரண்டிரண்டாக வைத்து ‘முன்பே பார்த்தது எது?’ என்று கேட்கும் தேர்வு ஒன்று உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், தயாராகி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சுமார் 25 சரியாக வரும். இவர் எடுத்தது 11. சரியான படம் எது என்று தெரிந்து, அதைத் தவிர்த்தால்தான் இவ்வளவு குறையும். விரல் சரியான படத்துக்குப் போய், ஒரு கணம் நின்று, பக்கத்துப் படத்துக்கு நகர்ந்ததை நானே பார்த்தேன்.

அதே மனிதருக்குக் கடுமையான மனச்சோர்வும் இருந்தது. அது நடிப்பில்லை. நடிப்பவருக்கு நோயே இருக்காது என்று யார் சொன்னது? இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். வக்கீல் போனில், “மேடம், மனச்சோர்வு இருக்கட்டும், அந்தப் பதினொன்றை மட்டும் எடுத்துவிடலாமே” என்றார். முடியாது என்றேன். அதன்பிறகு என்னைக் கூண்டுக்கு அழைக்கவே இல்லை, அறிக்கை அவர் அலமாரியோடு சரி.

ஆக, நீங்கள் கோர்ட்டில் பார்ப்பது வக்கீல்கள் வடிகட்டிக் கொண்டுவந்து நிறுத்தியவர்களை. ஒத்துவராதவர்கள் உங்கள் கண்ணிலேயே படுவதில்லை.

அதற்காக நாங்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட தடயவியல் உளவியலாளர்கள், மனநல மருத்துவர்களிடம் ஒரே குற்றவாளிகளின் கோப்புகளைக் கொடுத்து, அமர்த்திய தரப்பை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். அரசுத் தரப்புக்கு வேலை செய்வதாக நம்பியவர்கள் அதே ஆட்களுக்கு அபாய மதிப்பெண்ணை, அதாவது மறுபடி குற்றம் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்பீட்டை, கூட்டிப் போட்டார்கள். பொய் சொல்லச் சொல்லி யாரும் அவர்களுக்குக் காசு கொடுக்கவில்லை, தாங்களாகவே சாய்ந்தார்கள். எனக்குப் பிடிக்காத ஆய்வு, ஆனால் மறுக்க முடியவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே “நீங்கள் டாக்டரா? ஆமாம், இல்லை, அவ்வளவுதான் பதில்” என்பதுதான். இல்லை என்றதும் நீதிபதி பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. மருத்துவப் பட்டம் இல்லை என்பதற்காகவே உளவியலாளரின் சாட்சியத்தை ஒதுக்கக் கூடாது என்று ஜென்கின்ஸ் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1962-இலேயே சொல்லியாயிற்று. சிரிப்பு மட்டும் ஓயவில்லை. வராந்தாவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வாய்தா என்று திரும்பி வருவது தனிக்கதை.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். அந்த நிபுணர் உங்களை நேரில் சந்தித்தாரா? சந்திக்காமலே உங்கள் குணத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருந்தால், பிடிக்க வேண்டிய இடம் அதுதான். என்னென்ன தேர்வுகள் வைத்தார், மதிப்பெண்கள் என்ன, இதற்கு முன் எந்தெந்தத் தரப்புக்காகச் சாட்சி சொன்னார் என்பதையெல்லாம் உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். ‘காசு வாங்கினார்’ என்று மட்டும் கேட்டால், “ஆமாம், என் நேரத்துக்கு வாங்கினேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.