அந்தக் கைது நடக்காது, மிரட்டலைப் பயன்படுத்துங்கள்

நண்பரே, செங்கோட்டையில் நடக்கும் உங்கள் த்ரில்லரின் முடிவில், கணவன் புகார் கொடுத்ததும் மனைவியின் காதலனைப் போலீஸ் கைது செய்கிறது. அது நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. திருமணம் மீறிய உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 497-ஐ உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. அதற்கு முன்பும் ஆணுக்கு மட்டும்தான் தண்டனை, அதுவும் கணவன் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இன்று அந்த உறவு குற்றமல்ல, விவாகரத்துக்குக் காரணமாகலாம்.

ஆனால் மிரட்டிப் பணம் பறிப்பது இன்றும் குற்றம். தமிழக எல்லையிலுள்ள புளியரை செக்போஸ்டில் மனைவியையும் காதலனையும் ஒரே காரில் பார்த்தவன் பணம் கேட்கட்டும். எல்லை தாண்டி ஆரியங்காவு பக்கம் போய்விட்டால் கேரளப் போலீஸ். எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்றே அவளுக்குத் தெரியாது. அப்புறம், தயவுசெய்து அவளை வில்லியாக்கிவிடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே என்னை உலுக்கியது அவளுடைய பயம்தான்.