ஸ்னோபோர்டுக்கு ஸ்ட்ராப் பைண்டிங் வாங்கலாமா, ஸ்டெப் ஆன் வாங்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட நீங்களும் பாலக்காட்டுப் பக்கம் என்று போட்டிருப்பதால் பதில் எழுதுகிறேன். பைண்டிங் என்பது பூட்டைப் பனிச்சறுக்குப் பலகையோடு பிடித்துவைக்கும் சாமான். ஸ்ட்ராப் என்றால் பூட்டின் மேல் பட்டை போட்டு இறுக்குவது, ஸ்டெப் ஆன் என்றால் மிதித்தாலே மாட்டிக்கொள்வது. போவது காஷ்மீரின் குல்மார்க், பூட் அங்கேயே வாடகைக்கு என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்ட்ராப் வாங்குங்கள்.

ஸ்டெப் ஆன் 2017-இல் பர்ட்டன் என்ற ஸ்னோபோர்டு கம்பெனி கொண்டுவந்தது. குதிகாலில் ஒரு இடம், முன்பாதத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று, ஆக மூன்று இடத்தில் பூட் மாட்டிக்கொள்ளும். குனிய வேண்டாம், உட்கார வேண்டாம். ஆனால் அதற்கென்றே செய்த பூட் வேண்டும். சாதாரண வாடகை பூட் அதில் உட்காராது.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாரமுல்லாவில் வங்கி வேலையில் இருந்தபோது லீவு கிடைத்தால் குல்மார்க்தான். ஒருமுறை மாமா பையனும் வந்தான், கையில் புது ஸ்டெப் ஆன். கோண்டோலாவில், அதாவது கம்பியில் ஓடும் கூண்டில், அஃபர்வத் மலைக்கு ஏறினோம், 4,000 மீட்டரை ஒட்டிய உயரம், முழங்கால் அளவு புதுப்பனி. அவன் பூட்டுக்கு அடியில் பனி கெட்டியாக அப்பிக்கொண்டு குதிகால் கொக்கி விழவே இல்லை. வண்டிச் சாவியால் சுரண்டுவான், மிதிப்பான், மறுபடி சுரண்டுவான். விரல் மரத்துப்போய்விட்டது அவனுக்கு.

அதே இறக்கத்தில் என் கணுக்கால் ஸ்ட்ராப்பின் பல்லுப் பட்டை அறுந்தது. கூட வந்த வழிகாட்டி பையிலிருந்து வேறு கம்பெனியின் பழைய பட்டையை எடுத்து, ஸ்க்ரூடிரைவரால் நின்ற இடத்திலேயே மாட்டிவிட்டார். சாயங்காலம் வரை பிடித்தது.

ஸ்டெப் ஆன் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மெஷின் ஓட்டிச் சமன் செய்த சரிவில் லிஃப்ட் ஏறி ஏறி இறங்குபவருக்கு அது அருமையான சாமான். குனிய முடியாதவருக்கு, பைண்டிங்கின் முதுகுத் தகட்டைப் பின்னால் சாய்த்துக் காலை நுழைக்கும் ரியர் என்ட்ரி இருக்கிறது. அதற்குத் தனி பூட் தேவையில்லை.

"பாலக்காட்டு வெயிலில் பிறந்தவனுக்குப் பனி எதற்கு" என்று கமெண்ட் போடுபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே கேரளத்தில் தமிழ் பேசும் எங்களைப் 'பாண்டி' என்று கேலி செய்வார்கள், கோயம்புத்தூர் போனால் மலையாளத்தான் என்பார்கள். நான் படித்த தமிழ் மீடியத்தில் பாடப்புத்தகமே ஓணப் பரீட்சை நெருங்கும்போதுதான் வரும். உனக்கு இது எதற்கு என்று இரண்டு பக்கமும் கேட்டது போதும்.

வாங்கும் முன் பலகையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். திருகு துளைகள் வரிசையாக இருக்கிறதா, பர்ட்டன் பலகைகளில் வருவதுபோல் நடுவில் நீளக் காடி ஓடுகிறதா? அதற்குப் பொருந்தும் டிஸ்க், அதாவது பைண்டிங்கைப் பலகையோடு திருகும் வட்டத் தகடு, பெட்டியில் இருக்கிறதா என்று கடையில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.