ரிப்லாவில் உட்கார்ந்திருந்த ராஜா

அன்புள்ள ஐயா,

எருசலேமின் வீழ்ச்சி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு பைபிளில் 2 இராஜாக்கள் 25-ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்தேன். முதல் வசனத்தில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரே படையோடு எருசலேமுக்கு வருகிறான். ஆறாம் வசனத்தில், பிடிபட்ட யூதா ராஜா சிதேக்கியாவை ரிப்லாவில் இருக்கும் அவனிடம் கொண்டுபோகிறார்கள். எது சரி? ஒன்றரை வருஷம் முற்றுகை போட்டவன் கடைசி நாளில் ஏன் அங்கே இல்லை? ரிப்லா என்ற ஊர் இன்னும் இருக்கிறதா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

இரண்டுமே சரியாக இருக்கலாம். முற்றுகையைத் தொடங்கி வைத்துவிட்டு அவன் வடக்கே போயிருப்பான். ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு இந்தக் கதை சொன்ன அக்கா, சிதேக்கியாவின் கண்களைப் பிடுங்கிய இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்துவார். ரிப்லா என்ற பெயரை மட்டும் ஒரே மூச்சில் தாண்டிவிடுவார். நானும் வெகுநாள் அப்படித்தான் தாண்டிக்கொண்டிருந்தேன்.

வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். ரிப்லா ஆமாத் தேசத்தில், ஒரோண்டஸ் ஆற்றங்கரையில் இருந்தது. எருசலேமிலிருந்து நேர்கோட்டிலேயே 300 கிலோமீட்டருக்கு மேல். குதிரைகளுக்கு ஆற்றுத் தண்ணீர், படைக்கும் கால்நடைக்கும் சமவெளியின் விளைச்சல், மரம் வேண்டுமென்றால் பக்கத்திலேயே லெபனான் மலை. தெற்கே பெக்கா பள்ளத்தாக்கு வழியாகக் கானான் பக்கம் இறங்கலாம். வடக்கே யூப்ரடீசுக்குப் பாதை. லெபனான் மலைத்தொடர் முடிகிற இடத்துத் திறப்பு வழியாக மேற்கே கடற்கரைக்குப் போகலாம். அவனுக்கு எருசலேம் பல தலைவலிகளில் ஒன்றுதான். கடற்கரை நகரமான தீரு இருந்தது, எகிப்து இருந்தது. முற்றுகையின் நடுவே எகிப்து ராஜாவான பார்வோனின் படை கிளம்பி வந்து, கல்தேயர் (பாபிலோனியர்) கொஞ்சநாள் எருசலேமை விட்டு விலக வேண்டி வந்தது என்று பைபிளில் எரேமியா புத்தகத்தின் 37-ஆம் அதிகாரம் சொல்கிறது. இத்தனையையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க ஏற்ற படைவீடு ரிப்லா.

இதைக் கண்டுபிடித்தவனும் அவன் இல்லை. கி.மு. 609-இல் பார்வோன் நேகோ அங்கேதான் முகாமிட்டிருந்தான். மூன்றே மாதம் ஆண்ட யூதா ராஜா யோவாகாசை ரிப்லாவில் விலங்கிட்டு, யூதா மேல் 100 தாலந்து (அக்கால எடை அளவு) வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் தண்டம் போட்டான். கி.மு. 605-இல் யூப்ரடீஸ் கரையிலிருந்த கர்கேமிசில் எகிப்தியர் தோற்க, மிச்சப் படையை ஆமாத் வரை துரத்தி வந்து அழித்தவன் நேபுகாத்நேச்சார். எதிரி காலி செய்த வீட்டில் குடியேறிய மாதிரிதான். ரிப்லாவுக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வடக்கே காதேசு. இரண்டாம் ராம்சேசும் ஹிட்டைட்டுகளும் கி.மு. 1274-இல் மோதிக்கொண்ட இடம்.

இனி, என்னை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு கணக்கு. நான்காம் மாதம் ஒன்பதாம் தேதி மதில் உடைகிறது. சிதேக்கியா ராத்திரியோடு ராத்திரியாக ஓடி, எரிகோ சமவெளியில் பிடிபடுகிறான். காவல் சேனாபதி நேபுசராதான் எருசலேமுக்கு வந்து ஆலயத்தை எரிப்பதோ ஐந்தாம் மாதம் ஏழாம் தேதி (எரேமியா 52-இல் பத்தாம் தேதி). நடுவில் ஏறக்குறைய நான்கு வாரம். பிடிபட்ட ராஜாவை ரிப்லாவுக்கு இழுத்துப் போக, அங்கே தீர்ப்புச் சொல்ல, உத்தரவோடு ஒருவன் தெற்கே வந்து சேர அவ்வளவு நாள் பிடித்திருக்கும். எருசலேமை எரிப்பதென்ற முடிவு ரிப்லாவில் எடுக்கப்பட்டது என்பது என் ஊகம்.

தீர்க்கதரிசிகளான எரேமியாவும் எசேக்கியேலும் சிதேக்கியாவின் முடிவைப் பற்றி முரண்படுவது போலத் தெரியும் இடமும் இங்கேதான் தெளிகிறது. பாபிலோன் ராஜாவை உன் கண்கள் காணும், நீ பாபிலோனுக்குப் போவாய் என்கிறார் எரேமியா. பாபிலோனுக்குப் போவான், ஆனால் அதைக் காணமாட்டான் என்கிறார் எசேக்கியேல். இரண்டும் ஒத்துப்போகாததால் சிதேக்கியா இருவரையுமே நம்பவில்லை என்று எழுதுகிறார் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். ரிப்லாவில் அவன் ராஜாவைப் பார்த்தான். அப்புறம் தன் பிள்ளைகள் வெட்டப்படுவதைப் பார்த்தான். அதுதான் கடைசி.

ஊர் இருக்கிறது. சிரியாவில் ஹோம்ஸ் மாகாணத்தில், லெபனான் எல்லையை ஒட்டி, ரப்லே என்ற பெயரில். பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் வாழும் கிராமம். பக்கத்து அல்-குசைர் நகருக்காக 2013-இல் கடும் சண்டை நடந்தது நினைவிருக்கலாம். லெபனானுக்குப் போகும் பாதை யார் கையில் என்பதுதான் அப்போதும் பிரச்சினை.