தன்னார்வப் பணியைப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

மன்னார்குடி பக்கம் பிளஸ் டூ படிக்கிறீர்கள், இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க விண்ணப்பிக்கப் போகிறீர்கள், இரண்டு வருடமாக ஆற்றங்கரையில் பனை விதை நட்டதை எப்படி எழுதினால் எடுபடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எழுதியது முதுநிலைப் படிப்புக்கு, அதுவும் சில வருடங்களுக்கு முன்பு. ஆனாலும் நான் செய்த தப்பு உங்களுக்கு உதவும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நான் காலேஜில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாமல் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற முடியாது. குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மோட்டார் ஓட்டினோம். மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டோம், எப்போது நிறுத்தினோம், டீசல் எவ்வளவு போனது என்று நோட்டில் குறிப்பது என் வேலை.

இதை வைத்து நான் எழுதிய முதல் வரைவில் இந்த நோட்டு வரவே இல்லை. ஒரு கன்சல்டன்சியில் கொடுத்த மாதிரியைப் பார்த்து, சிறுவயதிலிருந்தே சேவை மனப்பான்மை, பாதிக்கப்பட்ட மக்களின் கண்ணீர், தலைமைப் பண்பு என்று ஒரு பக்கம் நிரப்பினேன். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் அக்கா ஒருவர் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “சரி, இதுல நீ என்னடா பண்ணுன?”

அப்புறம்தான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஊரில் தொட்டி நிறைந்த பிறகும் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று எழுதி வைத்திருந்தேன். அங்கே குழாயைத் தாழ்த்தி வைக்க முழங்கால் அளவுக்குக் குழி வெட்டியிருந்தார்கள், அந்தக் குழிக்குள் குடத்தை வைத்துக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். “தம்பி, முன்தெருவுல கொஞ்ச நேரம் அடைக்கச் சொல்லுங்க, வாய்க்காலுக்கு முறை வைக்கிறாப்புல வையுங்க, எங்களுக்கும் வரும்” என்றார். அடைத்தோம், வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் கடைசிக் குழாய்க்கு அழுத்தம் மிஞ்சாது, அவ்வளவுதான் விஷயம், ஆனால் வாய்க்காலின் கடைசியில் தண்ணீருக்குக் காத்திருக்கும் கடைமடைக்காரருக்கு அதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் குழியையும், யோசனை என்னுடையதல்ல அந்த அம்மாவுடையது என்பதையும், அதனால்தான் குடிநீர் விநியோகம் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதையும் எழுதினேன். இடம் கிடைத்தது. அதனால் மட்டுமே கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நேர்காணலில் முதலில் கேட்டது அந்தக் கடைசித் தெருவைப் பற்றித்தான்.

இப்போது உங்கள் விஷயம். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு இளநிலைப் படிப்புக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் யூகாஸ் (UCAS) விண்ணப்பத்தில் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உங்களைத் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது எப்படிப் பயன்படும். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள்தான், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. பனை விதை மூன்றாவதில் வரும். இந்த இடத்தில், எத்தனை மணி நேரம், என்ன சான்றிதழ் என்பதெல்லாம் ஒரு வரியோடு போதும், நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிற எல்லோருமே இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் காட்ட வேண்டியவர்கள்தான்.

“ஆயிரம் விதை நட்டோம்” என்று எழுதாதீர்கள். நட்டது எல்லோருக்கும் தெரியும், முளைத்தது எத்தனை? பனை சட்டென்று தலைகாட்டாது, முதலில் கீழே கிழங்கு இறங்கும், மேலே ஓலை தெரிய மாதக்கணக்காகும், அதற்குள் ஆடு கடித்திருக்கலாம், தூர்வார வந்த ஜேசிபி கரையோடு சேர்த்து வழித்திருக்கலாம், பொங்கலுக்குக் கிழங்கு என்று யாராவது பிடுங்கியும் இருக்கலாம். எது நின்றது, எது போனது, ஏன் என்று நீங்களே பார்த்து எழுதினால் அது சுற்றுச்சூழல் அறிவியல். பாதிக்கு மேல் போயிருந்தாலும் அப்படியே எழுதுங்கள். கூட்டாகச் செய்ததை “நான்” என்று மாற்றாதீர்கள், உங்கள் பங்கு விதை பொறுக்கியது மட்டும் என்றால் அதையே சொல்லுங்கள். ஊர்க்காரர்களைப் பாவப்பட்ட ஜனங்களாகக் காட்டி உங்களை உயர்த்திக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம், படிக்கும்போதே எனக்கு மனசு வலிக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு கரைக்குப் போய், நட்ட இடத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு வாருங்கள். அதற்கப்புறம் எழுதிய வரைவை இங்கேயே போடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.